ரூலுக்கு ஒரு ஆள்

அந்தக் கோட்டு என்னுதுதான் சார். ஜன்னல் ஓரமா மாட்டிக்கிறேன், உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே? மடிச்சு வச்சா கசங்கிடும். பெங்களூர்ல இறங்கி நேரா இன்டர்வியூக்குப் போகணும்.

சிரிக்காதீங்க. அம்பத்தி மூணு வயசுல இன்னா இன்டர்வியூன்னுதானே பார்க்குறீங்க? இது எனக்குப் பத்தாவது சார். பத்தாவது இன்டர்வியூ. ஒன்பது போயாச்சு, ஒன்பதுலயும் டீ குடுத்து அனுப்பிட்டானுங்க.

நான் ஃபுட்பால் கோச். பேரு இருதயராஜ், புளியந்தோப்பு. பந்து ஆடுறவன் எவனைக் கேட்டாலும் ராஜ் கோச்னா தெரியும். சென்னை லீக் மூணு தடவை ஜெயிச்ச டீமு நம்மளுது. என் கையில பழகின பசங்க பதினாலு பேரு இன்னிக்கு டிவியில வர்ற பெரிய லீக்ல ஆடுறானுங்க. இந்தியாவுல ஒரு கோச்சு வாங்கக்கூடிய பெரிய லைசன்ஸ் என்னான்டை இருக்கு. ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்குப் போனவன். கோட்டான்னு எவனும் என்னைச் சொன்னதில்ல. சொல்ல விட்டதில்ல. முதல் வருஷமே பதினெட்டு கோல்.

இப்ப அந்தப் பெரிய லீக்கு இருக்கே, அதுல ஹெட் கோச்சுன்னா யாரு? வெள்ளைக்காரன். பன்னெண்டு டீமு இருந்தா பன்னெண்டும் வெள்ளைக்காரன். ஸ்பெயின்ல மூணாவது டிவிஷன்ல தோத்தவன், ஸ்காட்லாந்துல வேலையை விட்டுத் தூக்கினவன், எல்லாம் இங்க வந்து இறங்கும். இங்கேயும் தோப்பான். தோத்தா இன்னா சொல்வானுங்க தெரியுமா? 'ப்ராஜெக்ட்'டாம், டைம் குடுக்கணுமாம். அடுத்த வருஷம் அவனே வேற டீமுக்கு கோச்சு. நம்மாளு ஒரு மேட்ச் தோத்தா 'லெவல் பத்தாது'ன்னு முடிச்சிடுவானுங்க. திறமை திறமைங்கறானுங்களே, அது பாஸ்போர்ட் கலரைப் பார்த்துத்தான் வருமா?

இதை நிறைய பேரு கேட்டோம். பேப்பர்லயும் எழுதினாங்க. லீக்குக்காரன் பார்த்தான், ஒரு ரூல் போட்டான். எந்த க்ளப்பு ஹெட் கோச்சை எடுத்தாலும், எடுக்கறதுக்கு முன்னாடி, பெரிய லைசன்ஸ் இருக்கிற இந்தியர் ஒருத்தரையாவது கூப்பிட்டு இன்டர்வியூ பண்ணணும். பண்ணணும்னுதான் ரூல் சார். எடுக்கணும்னு இல்ல.

ரூல் தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். எவன் சொன்னாலும் சண்டைக்குப் போவேன். ரூல் இல்லன்னா இன்டர்வியூ நடத்துற ஹோட்டல் வாசல்ல என் செருப்பைக்கூட விட்டிருக்க மாட்டானுங்க. நான் சொல்றது, ரூலை வச்சுக்கினு அவனுங்க ஆடின ஆட்டம்.

முதல் தடவை கூப்பிட்டப்ப வீடே திருவிழா. என் வீட்டுக்காரி ஸ்டெல்லா கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்தினா. ஏரியா பசங்க வாசல்ல நின்னு கை தட்டினானுங்க. நான் ஒரு மாசம் உட்கார்ந்து அந்த க்ளப்பு ஆடின இருபது மேட்சையும் பார்த்து, ஒரு நோட்டு முழுக்கப் படம் போட்டேன். எவன் எங்க நிக்கணும், பந்து போனா எவன் எங்க ஓடணும், எல்லாம். போனேன். மூணு பேரு உட்கார்ந்திருந்தானுங்க. ஒருத்தன் போனையே பார்த்துக்கினு இருந்தான். இன்னொருத்தன் கேட்டான், 'ஹாஸ்டல்ல பசங்களை எப்படிக் கட்டுப்பாட்டுல வைப்பீங்க?' ஹெட் கோச்சுகிட்ட கேக்குற கேள்வியா சார் இது? நான் வார்டன் வேலைக்கா வந்தேன்? நோட்டைத் திறந்தேன். 'அருமை, அருமை'ன்னான். ஒரு பக்கம்கூடத் திருப்பல.

அப்புறம் மூணாவதா இருந்த பெரியவரு, க்ளப்பு முதலாளியோட மச்சான், ரொம்பத் தன்மையாச் சொன்னாரு. 'உங்க பசங்களுக்கு வேகம் இருக்கு, உழைப்பு இருக்கு. ஆட்டத்தைப் படிக்கிற மூளைக்குத்தான் வெளியில இருந்து ஒருத்தர் வேணும்.' என் மூஞ்சிக்கு நேரா. டீ குடுத்தாங்க. ஒரு பை குடுத்தாங்க, உள்ள க்ளப்பு பேர் போட்ட டவலு, ஒரு கப்பு. வீட்டுல இப்ப ஒன்பது கப்பு இருக்கு சார். ஒண்ணுல என் பொண்ணு பேனா போட்டு வச்சிருக்கா, ஒண்ணுல ஸ்டெல்லா கல்லுப்பு.

நாலாவது தடவைதான் எனக்கு முழுசா விளங்குச்சு. உள்ள போனா போட்டோகிராபர் நிக்கிறான். இன்டர்வியூ நடந்துச்சுன்னு லீக்குக்குப் படம் அனுப்பணுமாம். மேசையில தேதி போட்ட அட்டை வச்சிருக்கு. அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சொல்றான், 'சார், கொஞ்சம் முன்னாடி சாஞ்சு, பேசுற மாதிரி உட்காருங்க.' பேசுற மாதிரி! நான் பேசத்தான்டா வந்தேன்னேன். 'அது இருக்கட்டும் சார், முதல்ல படம் எடுத்துக்கலாம்'னான். எடுத்தான். பதினோரு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுபோச்சு. கீழே வந்தா லாபியில அந்த க்ளப்பு டீ-ஷர்ட்டைப் போட்டுக்கினு ஒரு வெள்ளைக்காரன் தோசை சாப்பிட்டுக்கினு இருக்கான். மறுநாள் பேப்பர்ல அவன்தான் கோச்சு.

இருந்தும் போனேன் சார். அதைக் கேளுங்க. அஞ்சாவது, ஆறாவது, ஏழாவது, எல்லாத்துக்கும் போனேன். ஏரியாவுல கிண்டல் பண்ணுவானுங்க, 'இன்டர்வியூ கோச்சு கிளம்பிட்டாரு'ன்னு. பண்ணட்டும். ஒவ்வொரு தடவையும் புது நோட்டு, புதுப் படம். நீ டீ குடுத்து அனுப்புறது உன் புத்தி. நான் தயாராப் போறது என் புத்தி. உன் புத்திக்காக என் புத்தியை மாத்திக்க முடியுமா? தலை குனிஞ்சு ஒரு தடவைகூட வெளியே வரல நான்.

என்ன, காட்பாடியா? ஆமா. டீ சொல்லட்டா? சரி, வேணாம்.

இப்ப தொய்பா கதைக்கு வரேன். தொய்பாதான் என் அசிஸ்டென்ட். பதினோரு வருஷம் என்கூட இருந்தவன். மிசோரம் பையன். இல்ல, மணிப்பூர். மணிப்பூர்தான். பத்தொன்பது வயசுல இங்க ஒரு கம்பெனி டீமுக்கு ஆட வந்தான், முட்டி போயிடுச்சு, கம்பெனி கையைக் கழுவிடுச்சு. நான்தான் கிரவுண்டுக்குக் கூட்டியாந்தேன். தமிழு நம்மளவிட நல்லாப் பேசுவான். பசங்க அவனை 'சைனா'ன்னு கூப்பிடுவானுங்க, பாசமாத்தான். நானே கூப்பிட்டிருக்கேன். அவன் ஒண்ணும் சொன்னதில்ல. சிரிச்சுக்குவான்.

தங்கமான பையன் சார். காலையில அஞ்சு மணிக்கு வந்து, பசங்க சுத்தி ஓடுறதுக்கு பிளாஸ்டிக் கோன் வச்சு, பந்துக்குக் காத்தடிச்சு, பசங்களை ஓட விட்டு, நான் வர்றதுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கும். அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நுரையீரல் பெருசு சார், மலையில பொறந்தவனுங்க. ஓடச் சொன்னா ஓடிக்கினே இருப்பானுங்க. யோசிக்கிறதுக்கு மட்டும் நம்ம ஆளு ஒருத்தன் வேணும். அதுல தப்பா ஒண்ணும் இல்ல, ஒவ்வொருத்தனுக்கு ஒண்ணு வரும். அதனால ஃபிட்னஸ் முழுக்க அவனான்டை விட்டேன். ஆட்டம் என்னுது.

அவனும் அப்பப்ப எதாவது பேப்பர்ல வரைஞ்சு எடுத்துக்கினு வருவான். 'அண்ணே, இதைப் பாருங்க'ம்பான். எனக்கு எங்க சார் நேரம்? அப்புறம் பார்க்கலாம்டான்னு சொல்வேன். நல்லா இருக்கு, அருமையா இருக்குன்னும் சொல்லியிருக்கேன், பையன் மனசு நோகக் கூடாதில்ல? ஒரு தடவை எனக்கு டெங்கு. ஒரு மேட்சை அவனே பார்த்தான், மூணுக்கு சைபர்னு ஜெயிச்சான். எதிர் டீமு சப்பை டீமு. அதை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியுமா?

லைசன்ஸ் பரீட்சைக்கு அவனும்தான் போனான். என்கூடவே போனான், பெரிய லைசன்ஸை என்கூடவே வாங்கினான். நான்தான் எழுதுடான்னு தள்ளினேன். அதையும் சொல்லிடுறேன்.

போன வருஷம் மே மாசம். எட்டாவதும் ஒன்பதாவதும் ஒரே வாரத்துல முடிஞ்சு வந்து உட்கார்ந்திருக்கேன். அப்ப இந்த க்ளப்புலருந்து போன். பேர் சொல்ல மாட்டேன், கேஸ் போட்டுடுவானுங்க. பெங்களூர் க்ளப்பு இல்ல, ஹோட்டல்தான் பெங்களூர்ல. ஹெச்.ஆர். பொண்ணு பேசுது, 'நாளைக்கழிச்சு வர முடியுமா சார்?' நாளைக்கழிச்சு! ஹெட் கோச்சு வேலைக்கு ரெண்டு நாள் முன்னாடி கூப்பிடுறான்னா, வெள்ளைக்காரன் ஏற்கெனவே ஃப்ளைட் ஏறிட்டான்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்.

கிரவுண்டுல நின்னுக்கினு இருந்தேன். எதிர்ல தொய்பா கோன் பொறுக்கிக்கினு இருக்கான். பளிச்சுனு ஒரு யோசனை. 'நான் வர்றதா இல்லம்மா. லைசன்ஸ் இருக்கிற இந்தியர் ஒருத்தர், அவ்வளவுதானே உங்களுக்கு? ஒருத்தரை அனுப்புறேன்'னேன். அந்தப் பொண்ணு லைசன்ஸ் நம்பரைக் கேட்டு எழுதிக்கிச்சு, சரின்னுடுச்சு. யார் வந்தா என்ன அதுக்கு?

அவனுங்களுக்கு ஒரு சூடு வைக்கணும் சார். அதான் என் கணக்கு. ஒன்பது தடவை என்னைப் பொம்மை மாதிரி உட்கார வச்சீங்களே, இந்தாடா, கோன் பொறுக்குறவனை அனுப்புறேன், அவனைப் படம் எடுத்து லீக்குக்கு அனுப்பு. தொய்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், 'போயிட்டு வாடா, ஏசி ரூமு, நல்ல டீ, ஒரு டவலு குடுப்பான்.' அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். 'நிஜமாவாண்ணே?'ன்னான். 'நிஜம்தான், போ'ன்னேன். என் ஒன்பதாவது நோட்டையும் குடுத்தேன், கேட்டா எதையாவது காட்டுன்னு. அவன் அதை பெஞ்சு மேலயே விட்டுட்டுப் போயிட்டான். மறந்துட்டான் போல.

ரெண்டு நாளுக்கு ஆளைக் காணோம். மூணாவது நாள் கிரவுண்டுக்கு வந்தான். கோன் வைக்கல. நேரா என்னான்டை வந்து, காலைத் தொட்டான். 'அண்ணே, எடுத்துட்டாங்க'ன்னான்.

எதைடான்னேன் நான்.

சத்தியமா சார், அதைத்தான் கேட்டேன். எதைடா எடுத்துட்டாங்கன்னு.

பதினோரு நிமிஷத்துக்குப் போனவன் மூணு மணி நேரம் உள்ள இருந்திருக்கான். அந்த க்ளப்புல புதுசா ஒரு பொம்பளை வந்திருக்காங்களாம், முதலாளியோட மருமக. அவங்க போனைக் கீழ வச்சிட்டுக் கேட்டிருக்காங்க. இவன் ரெண்டு நாள்ல, தூங்காம, அந்த டீமோட மேட்சு எல்லாத்தையும் பார்த்து வீடியோவா வெட்டி எடுத்துக்கினு போயிருக்கான். போய் இன்னா சொல்லியிருக்கான் தெரியுமா? 'உங்க டீமுல எங்க பக்கத்துப் பசங்க அஞ்சு பேரு இருக்காங்க. அஞ்சு பேரையும் ஓரமா ஓட விட்டிருக்கீங்க. வேகமா ஓடுவாங்கன்னு நினைச்சு வேற எதுவும் கேட்டதே இல்ல. அதுல ஒருத்தன் ஆட்டத்தைத் தலையில வச்சிருக்கான். அவனை நடுவுல போடுங்க, பந்து அவன் வழியாப் போகட்டும்.' அதான் சொல்லியிருக்கான்.

அது என் ஐடியா சார்! என் நோட்டுல இருக்கு. அவன் நோட்டை எடுத்துக்கினு போகலன்னா இன்னா? பதினோரு வருஷம் என் பக்கத்துல நின்னவன், என்னைப் பார்த்துத்தானே கத்துக்கினான்? இருங்க, காட்டுறேன். பையிலதான் இருக்கு. இதோ. இந்தப் பக்கம்... இல்ல, இது கார்னர் கிக். இதுக்கு அடுத்தது... இங்க எங்கயோதான் போட்டிருந்தேன். ரெண்டு ஓரத்துலயும் ஆளு... நடுவுல... சரி விடுங்க, ரயில் ஆட்டத்துல தேட முடியல.

அவனை எதுக்கு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். மூஞ்சிக்காக. டீமுல அஞ்சு பேரு அந்தப் பக்கம், ஊருக்கு ஊரு அவங்க ஆளுங்க ஓட்டல்லயும் பார்லர்லயும் வேலை செய்யுறாங்க, டிக்கெட்டு விக்கும், பேப்பர்ல நல்லபடியா எழுதுவான். ரூல்ல 'இந்தியர் ஒருத்தர்'னு போட்டிருக்குன்னா, அதுக்கு அர்த்தம் நம்ம ஆளு ஒருத்தர்னு. காலம் காலமா பந்து ஆடுற நம்ம ஏரியா, நம்ம ஜனம். நமக்குப் போட்ட ரூல்ல எவனோ உள்ள பூந்துட்டான். அவனுக்கு அனுபவம் இருக்கா? தனியா ஒரு டீமைப் பார்த்திருக்கானா? திறமை வேணாமா சார்?

இதை நான் வீட்டுல சொன்னேன். ஸ்டெல்லா அரிசி களைஞ்சுக்கினு இருந்தா. திரும்பிக்கூடப் பார்க்கல. 'பதினோரு வருஷமா அவனைத் தனியாப் பார்க்க விடாதது யாரு?'ன்னா. அவளுக்கு ஃபுட்பால் தெரியாது சார்.

கிரவுண்டுல வழியனுப்பு விழா வச்சானுங்க பசங்க. கேக்கு, மாலை எல்லாம். நான் போகல. உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன். பொய்தான். வயிறு எரிஞ்சுது சார், அதையும் சொல்லிடுறேன். ஒன்பது தடவை வாசல்ல நின்னவன் நான். கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கினவன் நான். அது திறந்த அன்னிக்கு நானே வேற ஒருத்தனை அனுப்பி வச்சிருக்கேன். யாரான்டை போய்ச் சொல்றது இதை?

சீசன் நடந்துச்சு. ஒரு மேட்ச் விடாம டிவியில பார்த்தேன். தோக்கட்டும்னுதான் உட்கார்ந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த நடுவுல போட்ட பையன் பதினோரு கோலுக்குப் பந்து எடுத்துக் குடுத்தான். க்ளப்பு நாலாவது வந்துச்சு. இதுவரைக்கும் எட்டாவது இடத்துக்கு மேல வராத க்ளப்பு. நாலாவதுதானே, கப்பா அடிச்சான்? ஆனா ஒரு மேட்ச்ல, கடைசி நிமிஷம், ஒண்ணுக்கு ஒண்ணு, அவன் கோட்டுக்கு வெளியே நின்னு கையை இப்படி, ரெண்டு விரலை இப்படிக் காட்டினான். உடனே டீமு மொத்தமும் இடது பக்கம் நகர்ந்துச்சு, கோல். நான் எழுந்து கத்திட்டேன் சார். என் பொண்ணு ஓடி வந்து இன்னாப்பான்னு கேக்குது. ஒண்ணுமில்ல, கொசுன்னேன்.

இப்ப இந்த இன்டர்வியூ எதுக்குன்னு கேக்கல பாருங்க நீங்க. அந்த க்ளப்புக்குத்தான். அசிஸ்டென்ட் கோச்சு. ஆமா சார், அசிஸ்டென்ட். அவனுக்குக் கீழ. இந்த வருஷம் ரூலை நீட்டிட்டானுங்க, அசிஸ்டென்ட்டுக்கும் நாலு பேரைப் பார்த்துத்தான் எடுக்கணுமாம். அதே ஹெச்.ஆர். பொண்ணு போன் பண்ணி, 'வருவீங்களா சார், இல்ல யாரையாவது அனுப்புவீங்களா?'ன்னு கேக்குது. கேலி பண்ணுச்சா, நிஜமாவே கேட்டுச்சான்னு தெரியல. நானே வரேன்மான்னேன்.

அப்புறம் அவனே கூப்பிட்டான். நேத்து சாயங்காலம். ஒரு வருஷத்துக்கு அப்புறம். 'அண்ணே, வர்றீங்களாமே'ன்னான். நான் சுத்தி வளைக்கல. 'தொய்பா, ஒண்ணு மட்டும் சொல்லு. இது நிஜமா, இல்ல படம் எடுக்கவா? படம் எடுக்கன்னா சொல்லிடு, நான் பழகினவன்தான், வந்து பேசுற மாதிரி உட்கார்ந்துட்டுப் போறேன்'னேன். அவன் சொன்னான், 'நிஜம்தாண்ணே. நாலு பேரையும் நிஜமாத்தான் கேப்பேன். உங்களான்டை ஒரே கேள்விதான் கேப்பேன். முன்னாடியே சொல்லிடுறேன், தயாரா வாங்க.'

கேளுடான்னேன்.

'பதினோரு வருஷம், ஆட்டம் எப்படி இருக்கணும்னு வரைஞ்சு வரைஞ்சு உங்ககிட்ட எடுத்துக்கினு வந்தேன். அதுல ஒண்ணு, எதாவது ஒண்ணு, பலகையில போட்டுக் காட்டுங்கண்ணே.'

இதெல்லாம் ஒரு கேள்வியா? நான் முன்னூறு படம் போட்டவன், என் நோட்டைக் கேளு, ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உன்னுதைக் கேக்குற! திமிரு பாருங்க. வரலடான்னு சொல்லியிருக்கணும். சொல்லல. ஏன்னா எனக்குத் தெரியும் சார், எனக்குத் தெரியாதா, இத்தனை தடவை காட்டியிருக்கான், கண்ணுலயேதான் நிக்குது. பச்சை மையில வரைவான். அது நல்லா ஞாபகம் இருக்கு, பச்சை மை. மூலையில சின்னதாத் தேதி போடுவான். ஒரு தடவை மழையில நனைஞ்சு போய் டீக்கடையில காய வச்சுக் காட்டினான். அதுல... அதுல கோல் கீப்பர்லருந்து ஆரம்பிக்கும். இல்ல, த்ரோ-இன்லருந்து.

எங்க வந்திருக்கோம்? ஜோலார்பேட்டையா? அப்ப இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. உங்களான்டை பேனா இருக்கா சார்? வெள்ளைப் பேப்பர் எதாவது? டிக்கெட்டுக்குப் பின்னாடி போட்டாலும் போதும். இருங்க, பேசாதீங்க கொஞ்சம். வந்துடும்.